"உங்க ஏரியா என்ன?" என்று கேட்டால்: பொருளாதாரத்தில் பி.எச்டி. செய்பவர்கள் ஆய்வு ஆர்வத்தைத் தேடி எழுத ஒரு வழி

பி.எச்டி. சேர்ந்த முதல் வாரத்தில் தொடங்கி வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிகிற நாள்வரைக்கும் ஒரு கேள்வி கூடவே வரும்: "உங்க ஏரியா என்ன?" கேன்டீனில் கேட்பார்கள். செமினார் டீ இடைவேளையில் கேட்பார்கள். ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் 'ஆய்வு ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம் போட்டு, 150 சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் "வளர்ச்சிப் பொருளாதாரம், தொழிலாளர் பொருளாதாரம், பாலினம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். அதற்குமேல் ஒரு வரி சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வருடத்துக்கு நாலைந்து பேர் சினாப்சிஸை, அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை, கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பாதிப்பேர் என்னைப் போலவே வீட்டில் முதல் பட்டதாரிகள். பி.எச்டி. என்றால் என்ன என்று வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாதவர்கள். அவர்களோடு உட்கார்ந்து என்ன செய்கிறேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கையில் இருக்கும் தலைப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள்

என் முதல் சினாப்சிஸின் தலைப்பு 'தமிழ்நாட்டில் பெண்களும் வேலைவாய்ப்பும்: ஒரு பொருளாதார ஆய்வு'. பதினெட்டுப் பக்கம். கமிட்டியில் இருந்த ஒருவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "எந்தப் பெண்கள்? எதோட ஒப்பிட்டு?" என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கு மேல் உபயோகமான எதையும் அந்த ஐந்து வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதோடு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: இதில் இன்னும் யாருக்கும் தெரியாதது என்ன? இந்த மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். யார்? எதோடு ஒப்பிட்டு? என்ன தெரியவில்லை? 'பெண்கள் வேலைவாய்ப்பு', 'விவசாய நெருக்கடி', 'நிதி உள்ளடக்கம்' என்று எதை வைத்துப் பார்த்தாலும் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் வராது. அவையெல்லாம் நூலகத்தில் அலமாரிக்கு மேல் ஒட்டுகிற பெயர்கள். அந்த அலமாரியில் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கப்போகிறீர்கள் என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்கு உங்களோடு பேச ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். கேள்வியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தீசிஸை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், சரி. ஆனால் 'எம்பவர்மென்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நமக்கே தெரியாதது அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதையே ஊரில் ஒரு அக்காவிடம் கேட்கிற மாதிரி எழுதச் சொன்னால், "பால் பணம் யார் கையில வருது? மாட்டை வித்தா யாரைக் கேட்டு விப்பாங்க?" என்று வந்து நிற்கும். அளக்கக்கூடிய கேள்வி அதுதான்.

தேட வேண்டிய இடம்

உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சொந்த ஊர், அப்பா வேலை பார்த்த பட்டறை, அண்ணன் போகும் கட்டட வேலை, எதுவானாலும் சரி. "நம்ம ஊர்க் கதையெல்லாம் ஆராய்ச்சியாகுமா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இருவேல்பட்டின் கதை.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் கிராமத்துக்குப் போய் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அது 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் இருக்கிறது. பாலக்குறிச்சியும் வடமலைபுரமும் இருக்கின்றன. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதினார்கள். 2008 வரைக்குமான கதையை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் எழுதினார்கள். ஊருக்குப் போன ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது கிட்டத்தட்ட நூறு வருட வரலாறாக நிற்கிறது. அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் முதல்முதலாக வரிசையாகப் படித்த அன்றைக்குத்தான், என் மாவட்டமும் ஆராய்ச்சிக்கு உகந்த இடம்தான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஊருக்குப் போனால் மட்டும் போதாது, உட்கார்ந்து கேட்க வேண்டும். அதை நான் கற்றுக்கொண்ட காலை இப்படி.

ஏழரை மணி இருக்கும். ஒரு அக்கா பால் கூட்டுறவு சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலித் தூக்கோடு வந்து, தொட்டியில் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கறவை மாடு. வாசலில் உட்கார்ந்து கேள்வித்தாளை எடுத்தேன்.

"அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலையா? நான் ஒண்ணும் பாக்கலம்மா. வீட்ல சும்மாதான் இருக்கேன்."

நான் 92 என்று எழுதினேன். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். பக்கத்தைத் திருப்பும்போது அவர், "சீக்கிரம் கேளும்மா, புல்லறுக்கப் போவணும்" என்றார். அவர் கை முழங்கை வரைக்கும் புண்ணாக்குத் தண்ணீரில் நனைந்திருந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலரைக்குச் சாணி அள்ளியது, பால் கறந்தது, சொசைட்டிக்கு நடந்தது, இனிமேல் புல், மத்தியானம் தண்ணி காட்டுவது, சாயங்காலம் மறுபடி கறப்பது. கூட்டினால் மாட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வந்தது. பால் அட்டையைக் கேட்டேன். உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அதில் கணவர் பெயர். அவர் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒரு முறை வருவார். சொசைட்டிக் கணக்குப்படி தினமும் இரண்டு வேளை பால் ஊற்றுகிறவர் அவர்தான்.

கணக்கெடுப்பு விதிப்படியே அந்த அக்கா வேலை செய்பவர். குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் உழைப்பவருக்கு 21, சொந்தமாக நடத்துபவருக்கு 11. நான் ஒரே கேள்வியில் அவரை வேலை செய்யாதவர் ஆக்கிவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு நாளில் 19 வீட்டில் 92 போட்டிருந்தேன். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனேன். என் தீசிஸின் கேள்வி அந்தத் திரும்பப் போன நடையில்தான் கிடைத்தது.

புள்ளிவிவரத்தோடு மோத விடுங்கள்

ஒரு வீட்டில் பார்த்தது ஊர் முழுக்க உண்மையா, மாநிலம் முழுக்க உண்மையா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்தால், காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவு இலவசமாகவே கிடைக்கும். எல்லோரும் பி.எல்.எஃப்.எஸ். என்று சொல்வது இதைத்தான். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறே வருடத்தில் இவ்வளவு ஏற்றம். கிராமங்களில் இன்னும் அதிகம். இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு சுயதொழிலிலும் சம்பளமில்லாத குடும்ப உழைப்பிலும் வந்திருக்கிறது. பெண்கள் உண்மையிலேயே புதிதாக வேலைக்கு வந்தார்களா, வேறு வழியில்லாமல் வந்தார்களா, இல்லை முன்பு 92 போட்டவர்களுக்கு இப்போது 21 போடுகிறார்களா? இதில் ஒவ்வொரு சாத்தியமும் ஒரு தீசிஸுக்குப் போதும். என் வாசலோரத்து அக்கா மூன்றாவது சாத்தியத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. நேரத்தை வைத்துக் கேள்வி கேட்கிற யாருக்கும் அது நல்ல தொடக்கம்.

தரவை இறக்கியதும் அட்டவணை போட உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் கேள்வித்தாளையும் களப்பணியாளர்களுக்கான வழிகாட்டியையும் படியுங்கள். எண்ணாக வந்து நிற்பதெல்லாம் ஒரு வாசலில் யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதில் என்று புரியும். 2025 ஜனவரி முதல் பி.எல்.எஃப்.எஸ்.ஸின் மாதிரி எடுக்கும் முறையே மாறியிருக்கிறது. பழைய எண்களோடு புதியதை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. கணக்கெடுத்த ஒவ்வொரு வீடும் எத்தனை வீட்டுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எடையைப் போடாமல் சராசரி எடுக்கிற தவறை முதல் வருடத்தில் எல்லோரும் செய்கிறார்கள். அதைக் கைடு பார்ப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எதோடு ஒப்பிட்டு?

மாணவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். "பால் சொசைட்டி வந்தால் பெண்களின் உழைப்பும் வருமானமும் எப்படி மாறுகிறது?" என்று என் கேள்வியை வைத்தேன். உடனே தோன்றுகிற வழி, சொசைட்டி இருக்கும் ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிடுவது. அது செல்லாது. தண்ணீரும் தீவனமும் மாடும் ஏற்கெனவே நிறைய இருக்கும் ஊரில்தான் சொசைட்டி திறப்பார்கள். இரண்டு ஊருக்கும் இருக்கிற வித்தியாசம் சொசைட்டியால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இந்தச் சிக்கலை எப்படிக் கடப்பது என்று கற்றுக்கொள்ள நான் எல்லோருக்கும் கொடுக்கும் கட்டுரை எஸ்தர் டுஃப்லோவினுடையது. 2019-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்தபோது தீசிஸுக்காகச் செய்த வேலை அது, 2001-ல் வெளிவந்தது. இந்தோனேசிய அரசு 1973-க்கும் 1978-க்கும் நடுவே 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி கட்டியதால் படிப்பு கூடியதா, அந்தப் படிப்பால் கூலி கூடியதா? பள்ளிகள் நிறைய வந்த பகுதி, குறைவாக வந்த பகுதி என்று முதலில் பிரித்தார். அப்புறம் ஒவ்வொரு பகுதிக்குள்ளும், 1974-ல் இரண்டு முதல் ஆறு வயது இருந்தவர்களையும் பன்னிரண்டு முதல் பதினேழு வயது இருந்தவர்களையும் பிரித்தார். சின்னவர்களுக்குப் புதுப் பள்ளி கிடைத்தது. பெரியவர்கள் தொடக்கப் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் இரண்டு வயதினருக்கும் உள்ள வித்தியாசம், பள்ளி நிறைய வந்த பகுதியில் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று பார்த்தார். கட்டுரையில் கணக்கு நிறைய இருக்கும். ஆனால் யோசனையை ஒரு டீக்கடையில் சொல்லிவிடலாம்.

எனக்கான ஒப்பீடு உண்மையிலேயே டீக்கடையில்தான் கிடைத்தது. பால் வண்டி டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் கணக்கெடுத்த ஒரு ஊரின் பெயரைச் சொன்னதும், "அங்க பாலே கம்மிம்மா. ரெண்டு பெரிய ஊருக்கு நடுவுல இருக்கறதால போற வழியில நிறுத்துறோம், அவ்வளவுதான்" என்றார். அந்த ஊருக்குச் சொசைட்டி வந்ததற்கு அந்த ஊரின் தண்ணீரோ தீவனமோ காரணமில்லை. வண்டி போகும் வழியில் இருந்ததுதான் காரணம். அப்படிப்பட்ட ஊர்களையும், அதே அளவுள்ள, வண்டி போகாத ஊர்களையும் ஒப்பிட்டால் பேச்சில் ஒரு நியாயம் இருக்கும். அதிலும் ஓட்டை உண்டு: மெயின் ரோட்டில் இருக்கிற ஊருக்குப் பஸ்ஸும் வரும், வேறு வேலையும் வரும். அதனால் இரண்டு பக்கமும் பஸ் வசதியுள்ள ஊர்களாகவே எடுத்தேன். ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு ஊர், 240 வீடு.

உங்கள் கேள்விக்கும் இப்படி ஒரு ஒப்பீடு எங்கோ இருக்கும். அரசுத் திட்டங்கள் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, அடுத்து 130 மாவட்டங்களுக்குப் போய், 2008 ஏப்ரலில்தான் மீதி மாவட்டங்களுக்கு வந்தது. அந்த இடைவெளியை வைத்தே உலகம் முழுக்க நிறையப் பேர் ஆய்வு செய்திருக்கிறார்கள். முதலில் கொடுத்ததெல்லாம் பின்தங்கிய மாவட்டங்கள், ஆகையால் அதிலும் கவனம் வேண்டும். டிரைவர், வி.ஏ.ஓ., சொசைட்டிச் செயலாளர், ரேஷன் கடைக்காரர் என்று திட்டத்தை நடத்துகிறவர்களிடம் "இது ஏன் இங்க வந்துச்சு, அங்க வரல?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கும்.

அந்த 150 சொல்

இனி எழுதலாம். நான் முதலில் எழுதியது இது: "எனது ஆய்வு ஆர்வங்கள் வளர்ச்சிப் பொருளாதாரம், தொழிலாளர் பொருளாதாரம், பாலினம், ஊரக மேம்பாடு ஆகியவை."

கடைசியில் எழுதியது இது: "விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் பால் சொசைட்டி வந்தபின் பெண்கள் மாட்டுக்காக எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள், பால் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஆராய்கிறேன். பால் வண்டி போகும் வழியில் இருந்ததால் சொசைட்டி கிடைத்த ஆறு ஊர்களையும், அளவிலும் பஸ் வசதியிலும் அவற்றைப் போன்ற, வண்டி வராத ஆறு ஊர்களையும் ஒப்பிடுகிறேன். 240 வீடுகளில் நேரக் கணக்கு எடுத்திருக்கிறேன். சம்பளமில்லாத உழைப்பைக் கணக்கெடுப்புகள் எப்படிப் பதிகின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பதில் அடுத்து வேலை செய்ய விரும்புகிறேன்."

இதில் 'வளர்ச்சிப் பொருளாதாரம்' என்ற சொல்லே இல்லை. படிக்கிறவருக்கு அது தானாகத் தெரியும். துறைப்பெயர் கட்டாயம் கேட்டால், பொருளாதாரத்தின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் கொடுத்திருக்கும் ஜே.இ.எல். குறியீட்டைப் போடுங்கள், பெரும்பாலான பொருளாதார ஆய்விதழ்கள் அதைக் கேட்கும். எனக்கு ஜே 16 (பாலினம்), ஜே 22 (நேரப் பங்கீடும் உழைப்பும்), கியூ 12 (விவசாயக் குடும்பங்கள்) என்று மூன்று வந்தது. பட்டியல் முழுவதையும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கேள்வி எந்தெந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறது என்று தெரிந்தால், யாருடைய கட்டுரைகளைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மூன்றுக்கு மேல் போடாதீர்கள்.

கைடின் ஆர்வமும் உங்கள் ஆர்வமும் ஒன்றாக இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஆனால் அவர் தலைப்பையே வாங்கிக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்றாவது வருடத்தில் களத்தில் வெயிலில் நிற்கும்போது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வைப்பது உங்கள் சொந்தக் கேள்விதான். அவருக்குப் பரிச்சயமான முறையை எடுத்துக்கொண்டு உங்கள் கேள்விக்குப் பயன்படுத்துங்கள்.

ஆர்வம் மாறினால்? மாறட்டும். 2023-ல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சிகாகோவுக்குப் போனது தொழில் அமைப்புப் பொருளாதாரம் படிக்க. தீசிஸ் எழுதியது அமெரிக்க நகரங்களில் இருந்த அடிமைமுறை பற்றி. பெண்களின் வேலை வரலாறு அதற்கப்புறம் வந்தது. காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடச் சலுகை உண்டு. கோர்ஸ் ஒர்க்கில் முதல் வருடம் போய்விடும். இரண்டாம் வருட முடிவுக்குள் அந்த மூன்று பதிலும் தாளில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய பத்தியைக் கைடுக்கு அனுப்பும் முன், பொருளாதாரம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் அம்மாவிடம் வாசித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "வண்டி நிக்காத ஊர்ல பால எங்கடி ஊத்துவாங்க?" என்றார். பால் கறந்தால் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. மறுவாரம் கேள்வித்தாளில் ஒரு வரி சேர்ந்தது: 'சொசைட்டி இல்லையென்றால் பால் யாருக்கு? டீக்கடை / பால்காரர் / தனியார் கம்பெனி / பக்கத்து வீடு.' தீசிஸின் நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த வரிக்கு வந்த பதில்கள்தான்.